பச்சை மாங்காய் தின்பது எப்படி: கடலூர்ப் பிள்ளைகளின் முறைப்படி ஒரு முழுமையான வழிகாட்டி

மாங்காயைச் சமைப்பது எப்படி என்று பெரியவர்களிடம் கேட்கலாம். தின்பது எப்படி என்று பிள்ளைகளிடம்தான் கேட்க வேண்டும். எந்தக் காயை எந்த மாதத்தில் பறிப்பது, பாலை எங்கே தேய்ப்பது, கத்தி இல்லாமல் எப்படி உடைப்பது, ஒரே காயை நாலு பேர் எப்படிப் பங்கு போடுவது என்பதற்கெல்லாம் கோடை விடுமுறையில் திரிந்த பிள்ளைகளிடம் ஒரு முறை இருந்தது. வீட்டில் அதைச் சேட்டை என்றார்கள். இப்போது யோசித்துப் பார்த்தால் அந்தச் சேட்டையில் பாதிக்கு மேல் நல்ல சமையல் அறிவாகத் தெரிகிறது. அதைப் படிப்படியாக எழுதி வைக்கிறேன். என் ஊர் கடலூர். சில பத்திகளில் பேச்சு புதுச்சேரி வரை போய்த் திரும்பும்.

முதலில் மாதத்தைப் பாருங்கள்

தையில் மாமரம் பூத்து நிற்கும்; மாசியில் பிஞ்சு பிடிக்கும். ஒரு பூங்கொத்தில் நூற்றுக்கணக்கில், சில சமயம் ஆயிரத்துக்கும் மேல் பூக்கள் இருக்கும். அவற்றில் முற்றிய காயாக நிற்பது ஒன்றோ இரண்டோதான். மரத்தடியில் கொட்டிக் கிடக்கும் பிஞ்சைப் பார்த்து, மரத்துக்கு ஏதோ சீக்கு வந்துவிட்டது என்று பதறுகிறவர்கள் உண்டு. பூச்சியோ நோயோ இல்லாத மரமும் அப்படித்தான் உதிர்க்கும். தாங்க முடிகிற அளவை வைத்துக்கொண்டு மிச்சத்தைக் கழித்துவிடுகிறது.

அந்த உதிர்ந்த பிஞ்சிலிருந்துதான் பிள்ளைகளின் பருவம் தொடங்கும். மாசி மகத்தன்று கடலூரில் தேவனாம்பட்டினத்துக்கும் புதுச்சேரியில் வைத்திக்குப்பத்துக்கும் சுற்றுவட்டாரத்துச் சாமிகள் எல்லாம் தீர்த்தவாரிக்கு வரும். அந்தக் கூட்டம் கலைகிற சமயத்தில் சந்தையில் மாவடு தலைகாட்டத் தொடங்கியிருக்கும். இந்தப் பிஞ்சில் புளிப்பை விடத் துவர்ப்பு அதிகம். நேரே வாயில் போட்டுத் தின்ன இதில் பெரிதாக ஒன்றுமில்லை, ஊறுகாய்க்கு உரியது. ஆனாலும் தின்போம். மரம் கொடுத்த முதல் காய் என்பதால்.

பங்குனிதான் என் கணக்கில் பச்சை மாங்காயின் மாதம். காய் உள்ளங்கை அளவுக்கு வந்திருக்கும், கொட்டை முற்றியிருக்காது. கத்தியைக் குறுக்கே வைத்து அழுத்தினால் கொட்டையோடு சேர்ந்து இரண்டாகும். தசை வெள்ளையாக, பல்லுக்கு நறுக்கென்று இருக்கும். சித்திரையில் கொட்டை முற்றிவிடும். கத்தி உள்ளே இறங்காமல் சுற்றிப் போகும். குழம்புக்கும் தொக்குக்கும் ஆவக்காய்க்கும் அதுதான் ஏற்றது. வைகாசியில் செங்காய். வெளியே பச்சை, உள்ளே வெளிர் மஞ்சள். மாவுச்சத்து சர்க்கரையாக மாறத் தொடங்கியிருக்கும், புளிப்பும் முழுதாகப் போயிருக்காது. பழத்துக்கும் காய்க்கும் நடுவே சில நாள்களே நிற்கும் இந்த நிலையை நுட்பமாகக் கண்டுபிடித்துப் பறிப்பவனுக்குத் தெருவில் தனி மரியாதை இருந்தது.

எந்தக் காய்

கடையில் கேட்டால் கிளிமூக்கைத்தான் முதலில் எடுத்துக் கொடுப்பார்கள். ஒட்டு மாங்காய் என்றும் பெங்களூரா என்றும் சொல்வதும் இதையேதான். நீண்டு, நுனியில் மூக்கு வளைந்து இருக்கும். புளிப்பு மட்டாக, தண்ணீர்ப் பதம் நிறைவாக, தோல் கடிக்கும்படி இருப்பதால் பத்தை போட்டு விற்க இதைவிடத் தோதான காய் கிடையாது. கடலூர் சில்வர் பீச்சிலும் புதுச்சேரிக் கடற்கரைச் சாலையிலும் பூப்போல் கீறி மிளகாய்த் தூள் தடவி நீட்டுவது பெரும்பாலும் இதுதான். கிளிமூக்கும் நீலமும் ஆண்டுதோறும் தவறாமல் காய்ப்பவை. பல வகை மரங்கள் ஒரு வருடம் கொட்டிக் கொடுத்து மறு வருடம் ஓய்வெடுத்துக்கொள்ளும்.

ருமானி உருண்டையாக ஆப்பிள் போல் இருக்கும். செங்காயில் தின்ன நல்லது. நீலம் பழத்துக்கென்று விட்டுவிட வேண்டியது. பங்கனப்பள்ளியைக் காயாகத் தின்பது வீண் செலவு.

நாட்டு மாங்காய் வேறு சாதி. கொட்டையிலிருந்து தானாக முளைத்து வளர்ந்த மரத்தின் காய். ஒவ்வொரு மரத்துக்கும் ஒரு சுவை. ஒன்று கண்ணை மூட வைக்கும் புளிப்பு, அடுத்த வீட்டு மரத்தில் நார், அதற்கடுத்ததில் சீரகம் நசுக்கியது போல் ஒரு மணம். இவற்றுக்குச் சந்தைப் பெயர் கிடையாது. குளத்தங்கரை மரம், செட்டியார் வீட்டு மரம், புளிச்ச மரம் என்று பிள்ளைகள் வைத்த பெயர்தான். எங்கள் மாவட்டத்தில் அந்தப் பெயர்கள் பலவற்றுக்கு இப்போது மரம் இல்லை. 2011 டிசம்பர் 30ஆம் தேதி விடியற்காலையில் ‘தானே’ என்ற புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியது. பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் சாய்ந்ததை எல்லாரும் பேசினார்கள், எழுதினார்கள்; இழப்பீட்டுக் கணக்கிலும் அவைதான் முன்னே நின்றன. கொல்லைப்புறத்தில் ஒற்றையாக நின்ற நாட்டு மாமரத்துக்கு அவ்வளவு பேச்சு இல்லை. பிறகு நட்டவர்கள் ஒட்டுக் கன்றாக நட்டார்கள். அதில் குற்றம் சொல்ல முடியாது: ஒட்டுக் கன்று நாலைந்து வருடத்தில் காய்க்கும், கொட்டைக் கன்றுக்கு அதைப்போல் இரண்டு மடங்கு காத்திருக்க வேண்டும். ஆனால் தெருவுக்குத் தெரு சுவை மாறிய காலம் அத்தோடு போயிற்று. உங்கள் பகுதியில் நாட்டுக் காய் கூடையில் வந்தால் பேரம் பேசாமல் வாங்குங்கள். கேப்பர் மலைப் பக்கத்திலிருந்தும் பண்ருட்டிச் சாலைக் கிராமங்களிலிருந்தும் காலை பஸ்ஸில் கூடையோடு இறங்குகிறவர்களிடம் கிடைக்க வாய்ப்புண்டு. பழக்கடைகளில் தேடிப் பயனில்லை.

பார்த்து எடுப்பது

காம்பு ஒட்டியிருக்கும் காயை எடுங்கள். காம்பு உலர்ந்து விழுந்த காய் பறித்து நாளானது. காம்பைச் சுற்றியுள்ள தோள் பகுதியைப் பாருங்கள்: சரிவாக இருந்தால் இளங்காய், காம்பை விட உயரமாகத் தோள் எழும்பியிருந்தால் முற்றியது. பத்தை போட முதலாவது, தொக்குக்கு இரண்டாவது. வீட்டுக்கு வந்தபின் சந்தேகம் தீரவில்லை என்றால் வாளித் தண்ணீரில் போடுங்கள். இளங்காய் மிதக்கும், முற்றியது மூழ்கும். இது நாங்கள் குளத்தில் கண்டுபிடித்தது. எறிந்த காய் தண்ணீரில் விழுந்து மிதந்தால் நீந்திப் போய் எடுக்கலாம், மூழ்கினால் போனதுதான். மூழ்குகிறதெல்லாம் முற்றின காயாகவே இருக்கிறது என்று கொஞ்ச நாளில் தெரிந்துவிட்டது.

அழுத்திப் பார்த்து வாங்காதீர்கள். பச்சைக் காய் எல்லாமே கல் போலத்தான் இருக்கும். அழுத்துவதால் கடைக்காரரின் முகம்தான் மாறும்.

மரத்திலிருந்து பறிக்க வாய்ப்பிருந்தால் துரட்டியால் காம்போடு கொய்வதே சரி. கல்லெறிந்து வீழ்த்திய காய்க்கு ஒரு பக்கம் கட்டாயம் அடிபடும்; அந்த இடம் ஓரிரு நாளில் கறுத்து மெத்தென்று ஆகிவிடும். உடனே தின்பதானால் கவலையில்லை. காய்த்த மரம்தான் கல்லடி படும் என்று பெரியவர்கள் தத்துவம் சொன்ன இடத்தில், எறிந்த கல் யார் வீட்டு ஓட்டில் விழுந்தது என்பதே எங்கள் கவலை.

மரம் ஏறுவதாக இருந்தால் முசுறை மறக்கக் கூடாது. இலைகளைச் சேர்த்து இழுத்து, தங்கள் புழுக்கள் சுரக்கும் பட்டு நூலால் தைத்துப் பந்து போல் கூடு கட்டும் சிவப்பு எறும்பு இது. கூட்டில் கை பட்டால் கீழே இறங்கும் வரை விடாது. சட்டையை இறுக்கிக் கட்டுவதை விட, கூடு இருக்கும் கிளையை விட்டு அடுத்த கிளையில் ஏறுவது நல்லது. முசுறு உள்ள மரத்தில் காயைத் துளைக்கும் பூச்சி குறைவு என்பதும் உண்மை. காய்க்குக் காவல் இருந்த எறும்பின் மேல் நாங்கள் சாம்பலைக் கொட்டிப் பழி தீர்த்துக்கொண்டதை இப்போது நினைத்தால் கொஞ்சம் அநியாயமாகத்தான் படுகிறது.

பால் போகட்டும்

அவசரத்தில் எல்லாரும் தாண்டிப் போகும் படி இது. மாங்காயின் காம்பைக் கிள்ளியதும் பீய்ச்சிக்கொண்டு வரும் பால் தோலில் பட்டால் எரியும். உதட்டோரத்தில் பட்டால் கறுத்துப் புண்ணாகி, வாரக் கணக்கில் கறை நிற்கும். பள்ளிக்கூடத்தில் யார் மாங்காய் திருடினார்கள் என்று வாத்தியார் விசாரிக்க வேண்டியதே இல்லை; வாயோரம் காட்டிக் கொடுத்துவிடும். மாவும் முந்திரியும் ஒரே தாவரக் குடும்பம். பண்ருட்டிப் பக்கம் முந்திரிக் கொட்டை உடைக்கிறவர்களின் விரல்களைப் பார்த்திருந்தால், ஓட்டிலிருந்து வரும் எண்ணெய் தோலை என்ன செய்யும் என்று தெரியும். மாங்காய்ப் பாலும் அந்த வகையைச் சேர்ந்ததே, வீரியம் குறைவு.

பிள்ளைகளின் வழி: காம்பை உடைத்ததும் காயைத் தலைகீழாகப் பிடித்து, காம்புப் பக்கத்தைச் சொரசொரப்பான கல்லில் தேய்ப்பது. வீட்டில் அதையே நிதானமாகச் செய்யலாம். காம்பை ஒடித்து, அந்தப் பக்கம் கீழே இருக்கும்படி ஒரு தட்டில் கால்மணி நேரம் கவிழ்த்து வையுங்கள். பால் வடிந்தபின் தண்ணீரில் நன்றாகக் கழுவித் துடையுங்கள். வெட்டும்போது காம்புப் பக்கம் ஒரு சிறு வட்டத்தைச் சீவி எறியுங்கள். முந்திரி ஓட்டெண்ணெய் பட்டுப் புண்ணாகும் உடம்பு உள்ளவர்கள் மாங்காயைத் தோலோடு கடிக்காமல் இருப்பது நல்லது. மற்றவர்கள் தோலோடுதான் தின்ன வேண்டும். நறுக்கென்ற பதத்தில் பாதி தோலில் இருக்கிறது.

உப்பும் காரமும்

மாங்காயோடு சாப்பிடத் தூள் உப்பு ஆகாது. விரலில் ஒட்டும், காயில் கரையும், ஒரே சீராகப் பரவிச் சலிப்பூட்டும். கல்லுப்பை முக்கால் பதம் இடித்துத் தொட்டால் ஒரு கடியில் உப்பு, மறு கடியில் புளிப்பு என்று மாறி மாறி வரும். அந்த மேடுபள்ளம்தான் சுவை. புதுச்சேரிக்கு வடக்கே மரக்காணத்து உப்பளங்கள் இருக்கின்றன. இந்தப் பக்கத்துக்காரர்களுக்குக் கல்லுப்பு தேடி அலைய வேண்டியதில்லை.

கால் கைப்பிடி கல்லுப்புக்கு நாலு காய்ந்த மிளகாய். மிளகாயை எண்ணெய் இல்லாமல் சூடான வாணலியில் புரட்டுங்கள். நிறம் ஒரு சாயல் கறுத்ததும் இறக்கிவிட வேண்டும், புகைய விட்டால் கசக்கும். ஆறியதும் உப்போடு சேர்த்து உரலில் இடியுங்கள். மிளகாய் தூளாக வேண்டாம், கண்ணுக்குத் தெரியும் சில்லுகளாக நிற்கட்டும். மிக்ஸியில் போட்டால் ஒரு சுற்றுக்கு மேல் ஓட விடாதீர்கள். கடற்கரை வண்டிகளில் தடவும் செக்கச்செவேல் தூளில் நிறம்தான் தூக்கலாக இருக்கிறது. வறுத்த மிளகாயின் மணம் அதில் இல்லை.

உப்பு ஏன் என்றால், அது புளிப்பின் கூர்மையை நாக்கில் மட்டுப்படுத்துகிறது, காயிலிருந்து தண்ணீரையும் வெளியே இழுக்கிறது. தடவி ஐந்து நிமிடம் விட்டால் பத்தையின் மேல் சாறு துளிர்க்கும். உப்பும் காரமும் அந்தச் சாற்றில் கரைந்து உள்ளே போகும். அதற்கு மேல் விட்டால் காய் துவண்டு நறுக்குத்தன்மை போய்விடும். ஐந்து நிமிடம் காத்திருப்பது பிள்ளைகளுக்குச் சிரமம். கால்சட்டைப் பையில் காகிதப் பொட்டலமாக உப்பு மிளகாயை வைத்துக்கொண்டு மரத்தடிக்குப் போனவர்கள் காத்திருந்ததாக எனக்கு நினைவில்லை.

காரம் ஏறிவிட்டால் தண்ணீர் பயன்படாது. மிளகாயின் காரம் தண்ணீரில் கரைவதில்லை. ஒரு வாய் மோர் குடியுங்கள்.

வெட்டலாம், உடைக்கவும் செய்யலாம்

வெட்டுவதாக இருந்தால் அரிவாள்மணை. கொட்டைக்கு இரு புறமும் நெட்டுவாக்கில் இரண்டு கன்னங்களை எடுத்து, ஒவ்வொன்றையும் விரல் தடிமனுக்குப் பத்தை போடுங்கள். மெல்லிய கீற்று வாயில் நிற்காது. தடித்த துண்டுக்கு உப்பு எட்டாது. எங்கள் பள்ளிக்கூட வாசலில் சாக்கு விரித்து உட்கார்ந்திருந்த ஆயா, கண்ணைக் காயில் வைக்காமல் எங்களை ஏசிக்கொண்டே பத்தை போடுவார்; ஒவ்வொன்றும் ஒரே தடிமனாக விழும். அவரிடம் நெல்லிக்காய், இலந்தை, கொடுக்காப்புளி எல்லாம் உண்டு. கன்னத்துக்குக் காசு, தசை ஒட்டிய கொட்டையைக் கடைசியில் நிற்பவனுக்குச் சும்மா கொடுத்துவிடுவார். விவரம் தெரிந்தவர்கள் வரிசையில் கடைசியாகத்தான் நின்றோம். கொட்டையை ஒட்டிய தசையில் நார் கூடுதல், அதனால் சாறும் உப்பும் தங்கி நிற்கும்.

ஆனால் கத்தி பட்ட மாங்காயை விட உடைத்த மாங்காய் மேல் என்பது என் உறுதியான கருத்து. கத்தி வெட்டிய முகம் வழவழப்பாக இருக்கும். உப்பு அதில் சறுக்கும். உடைத்த முகம் கரடுமுரடாக, பிய்ந்து, ஈரமாக இருக்கும். உப்பு அங்கே தங்கும். இதற்குப் பங்குனி மாதத்து நாட்டுக் காய்தான் வேண்டும். சுத்தமான துணியில் காயைச் சுற்றி, அம்மியின் விளிம்பிலோ படிக்கட்டின் ஓரத்திலோ ஓங்கி ஒரு போடு. இரண்டாகப் பிளக்கவில்லை என்றால் திருப்பி இன்னொன்று. மூன்றாவது அடி தேவைப்பட்டால் காய் முற்றிவிட்டது என்று அர்த்தம், அரிவாள்மணையிடம் போங்கள். நாங்கள் துணி சுற்றியதில்லை, கதவிடுக்கில் வைத்துக் கதவைச் சாத்துவோம். காய் கச்சிதமாக நசுங்கும். கதவின் கீலுக்கு என்ன ஆகும் என்பதை வீட்டுப் பெரியவர்கள் சொல்லித்தான் தெரிந்துகொண்டோம். அந்த முறையை இங்கே பரிந்துரைக்கவில்லை.

உள்ளே இருக்கும் இளம் பருப்பை எடுத்துவிடுங்கள். கசப்பு மற்ற எல்லாவற்றையும் கெடுக்கும்.

பங்கு போடுவது

ஒரு காய், நாலு பேர், கத்தி இல்லை. இதற்கு காக்காய்க் கடி. சட்டை நுனியால் காயைச் சுற்றி, துணிக்கு மேலேயே பல்லால் கடித்துத் துண்டாக்கிக் கொடுப்பது. எச்சில் படவில்லை என்பது விதி. துணி வழியாக எச்சில் போகாது என்று மருத்துவர் யாரும் ஒப்புக்கொள்ளப் போவதில்லை. இந்த ஒரு விஷயத்தில் பிள்ளைகளின் அறிவியலுக்கு நான் வக்காலத்து வாங்க மாட்டேன். சட்டையில் விழும் கறையும் லேசில் போகாது. இருந்தும் யாருக்கு எவ்வளவு என்பதில் கடித்துக் கொடுப்பவன் காட்டும் நேர்மை எல்லாருக்கும் தெரிந்துவிடும் என்பதால், தெருவில் யார் நல்லவன் என்று தீர்மானிக்க அது பயன்பட்டது. வீட்டில் பிள்ளைகளுக்குக் கொடுக்கும்போது ஆளுக்கொரு தட்டில் எண்ணி வைக்காமல் நடுவில் ஒரே தட்டாக வைத்துப் பாருங்கள். சண்டை வரும். மாங்காய் வேகமாகத் தீரும்.

எப்போது, எவ்வளவு

வெறும் வயிற்றில் வேண்டாம், நெஞ்சு எரியும். மதியம் மோர்சோறு சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்து, வெயில் உச்சியிலிருந்து இறங்கும்போது தின்பது உத்தமம். பச்சை மாங்காயில் வைட்டமின் சி நிறைய உண்டு என்பதால் மனசாட்சியும் தொந்தரவு செய்யாது. பெரியவர்களுக்கு அரைக் காய் போதும். வயிற்றுப் புண் உள்ளவர்கள் ஒரு பத்தையோடு நிறுத்திக்கொள்ளலாம். உப்பும் சேர்வதால் இரத்த அழுத்தத்துக்கு மருந்து சாப்பிடுபவர்கள் காயை மட்டும் தின்று உப்பை விட்டுவிடுவது நல்லது. அது பாதி மாங்காய்தான், தெரியும்.

பல் கூசும். அமிலம் பல்லின் மேல்பூச்சைச் சற்று நேரத்துக்கு மிருதுவாக்கிவிடுவதால் தின்று முடித்ததும் பிரஷ்ஷை எடுக்காதீர்கள். வெறும் தண்ணீரில் கொப்பளித்து, அரைமணி நேரமாவது கழித்துத் துலக்குங்கள். அன்றிரவு பல் கூச்சத்தில் சோற்றைக் கூட மெல்ல முடியாமல் உட்கார்ந்திருந்ததை அம்மாவிடமிருந்து மறைப்பது, மாங்காய் பறித்ததை மறைப்பதை விடக் கடினம்.

மாவடு: மாசியிலேயே போட்டுவிட வேண்டியது

மாதா ஊட்டாத சோற்றை மாங்காய் ஊட்டும் என்ற பழமொழி எந்த மாங்காயை நினைத்து வந்ததோ, எனக்கு அது மாவடுதான். பழைய சோறும் ஒரு மாவடுவும் இருந்தால் வேறு கறி கேட்கத் தோன்றாது.

உருண்டையான, காம்போடு கூடிய, கறுப்புப் புள்ளியோ அடியோ இல்லாத வடு ஒரு கிலோ வாங்குங்கள். மரத்தடியில் பொறுக்கியது ஆகாது; ஒன்று அழுகினாலும் ஜாடி முழுதும் போகும். காம்பை அரை விரல் விட்டுக் கிள்ளுங்கள், முழுதும் பிடுங்காதீர்கள். கழுவி, துணியில் பரப்பி, ஈரம் சுத்தமாகப் போகும் வரை நிழலில் காய விடுங்கள். பிறகு இரண்டு மேசைக்கரண்டி விளக்கெண்ணெய் விட்டுக் குலுக்குங்கள். ஒவ்வொரு வடுவும் மினுமினுக்க வேண்டும். 200 கிராம் கல்லுப்பு, ஒரு தேக்கரண்டி மஞ்சள் தூள் சேர்த்துப் பீங்கான் ஜாடியில் போட்டு வெள்ளைத் துணியால் வேடு கட்டுங்கள். தினமும் காலையும் மாலையும் ஜாடியைக் குலுக்க வேண்டும். இரண்டு மூன்று நாளில் வடு தண்ணீர் விடும். தோல் சுருங்கத் தொடங்கும்.

தண்ணீர் நன்றாகச் சேர்ந்தபின் அதிலேயே கொஞ்சம் எடுத்து, 50 கிராம் மிளகாய்த் தூளையும் இரண்டு மேசைக்கரண்டி கடுகுப் பொடியையும் கரைத்து ஊற்றிக் கலக்குங்கள். கடுகை வறுக்காமல் வெயிலில் காய வைத்துப் பொடித்தால் காட்டம் நிற்கும். வடு எப்போதும் தண்ணீருக்குள் மூழ்கி இருக்கட்டும். பத்துப் பதினைந்து நாளில் எடுக்கலாம். மரக் கரண்டிதான், அதுவும் உலர்ந்த கரண்டி. எங்கள் வீட்டு ஆயா ஜாடியைப் பரணில் வைத்ததற்குக் காரணம் ஈரம் படக்கூடாது என்பது அல்ல. எங்கள் கை எட்டக்கூடாது என்பது. முக்காலி போட்டால் எட்டும் என்பதை அவர் கணக்கில் எடுக்கவில்லை.

மீந்ததைக் குழம்பில் போடுவது

பத்தை போட்டுத் தின்று சலித்த முற்றல் காய்களுக்கு இங்கே ஒரு போக்கிடம் தயாராக இருக்கிறது. ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. மீன்களின் இனப்பெருக்கத்துக்காக விட்டுக்கொடுக்கும் தடைக்காலம். மாங்காய் மலிந்து கிடப்பதும் அந்த நாள்களிலேயே. பெரிய மீன் வரத்துக் குறைந்து விலை ஏறும்போது, கரையோரம் போய்வரும் சிறு படகுகளின் நெத்திலியும், முன்பே காய வைத்த கருவாடும் மாங்காயைத் தேடி வருகின்றன.

நெத்திலிக்கு வழக்கமாகக் கரைக்கும் புளியில் பாதியைக் குறைத்துவிடுங்கள். சின்ன வெங்காயம், தக்காளி வதக்கி, புளிக்கரைசலும் மிளகாய்–மல்லித் தூளும் ஊற்றி, பச்சை வாசனை போகக் கொதித்தபின் தோலோடு நீளவாக்கில் நறுக்கிய மாங்காயைப் போடுங்கள். துண்டு முக்கால் பதம் வெந்ததும் நெத்திலி. அது வேக நாலைந்து நிமிடம் போதும். கரண்டியைப் போட்டுக் கிளறாமல் சட்டியைப் பிடித்துச் சுழற்றுங்கள். கருவாடு என்றால் வெந்நீரில் ஊற வைத்து இரண்டு மூன்று முறை அலசி, குழம்பில் உப்பைக் கடைசியில் ருசி பார்த்தபின் சேருங்கள். மறுநாள் காலை அந்தச் சட்டியின் அடியில் கிடக்கும் மாங்காய்த் துண்டுக்கு வீட்டில் போட்டி இருக்கும்.

மீன் சாப்பிடாத வீடுகளில் சித்திரை முதல் நாள் பச்சடியைச் சொல்லாமல் விட முடியாது: மாங்காய், வெல்லம், வேப்பம்பூ, மிளகாய், உப்பு. வேப்பம்பூவை நெய்யில் வறுத்துக் கடைசியில் தூவினால் கசப்பு மட்டாக நிற்கும்.

இன்னும் மிச்சமிருந்தால் வற்றல். உப்பும் மஞ்சளும் பிசிறி ஓரிரவு வைத்து, பாயில் பரப்பி நாலைந்து நாள் காய வையுங்கள். மொட்டை மாடியில் காவலுக்குப் பிள்ளைகளை வைத்தால் கால்வாசி குறையும் என்று கணக்கிட்டுக் கூடுதலாகவே போடுங்கள்.

இந்தியப் பெருங்கடலில் உள்ள பிரெஞ்சுத் தீவான ரெயூனியனில் பச்சை மாங்காயைத் துருவி, பச்சை மிளகாய், வெங்காயம், உப்பு, கொஞ்சம் எண்ணெய் சேர்த்துப் பிசைந்து கறியோடு தொட்டுக்கொள்கிறார்கள். 19ஆம் நூற்றாண்டில் புதுச்சேரி, காரைக்கால் துறைமுகங்களில் கப்பலேறிய கூலித் தமிழர்களின் வாரிசுகள் அங்கே நிறையப் பேர் வாழ்கிறார்கள். அந்தப் பிசையலைச் செய்து பார்க்க இரண்டு நிமிடம் ஆகும்; துருவியதும் சாற்றைப் பிழிந்துவிட்டால் சோற்றோடு சேரும்போது தண்ணீர் விடாது.

கடைசியாகக் கொட்டை

பிஞ்சின் கொட்டையில் ஒன்றுமில்லை, குப்பைக்குப் போகட்டும். செங்காயும் பழமும் தின்று எறிந்த கொட்டைகள் ஆடி, ஆவணி மழைக்குக் கொல்லையில் தானாக முளைக்கும். செம்பு நிறத்தில் இளந்தளிர் வந்ததும் ஒன்றைப் பிடுங்குங்கள். மேலோட்டைப் பிரித்தால் உள்ளே இரண்டு பருப்பாக ஒட்டியிருக்கும். தளிரையும் வேரையும் கிள்ளிவிட்டு, ஒரு முனையைச் சிமெண்டுத் தரையில் தண்ணீர் தொட்டுத் தேயுங்கள். இரண்டு பருப்புக்கும் நடுவே மெல்லிய இடைவெளி தெரியும்போது நிறுத்தி, உதட்டில் வைத்து ஊதுங்கள். பீப்பி என்று சத்தம் வரவில்லை என்றால் இன்னும் கொஞ்சம் தேய்க்க வேண்டும். இடைவெளி அகலமாகிவிட்டால் அந்தக் கொட்டை வீண், அடுத்ததை எடுங்கள். ஊதும்போது வாய் கசக்கும். மதியத் தூக்கத்தில் யாராவது இருக்கும் வீட்டில் ஊதினால் அடி விழும்.